ஒரு ரிங்

அத்தியாயம் 17

போன வாரம் பெரியவளைப் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு மேஜைக்கு முன்னால் நிற்க வைத்துவிட்டு வந்தோம். சுழற்காற்று ஊரின் கிழக்கு ஓரத்தைச் சுருட்டிக்கொண்டு போய் ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. காணாமல் போனவர்களின் பட்டியலை எழுதுகிறவர் தலை நிமிராமல் கேட்டார். இவள் கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னாள்.

"என் தங்கச்சி. மூணாவது வரிசை, ஒன்பதாம் நம்பர் வீடு. உள்ளதான் இருக்கா."

"உறுதியா தெரியுமா?"

"உறுதியா தெரியும்."

பதினான்கு வருடமாக பஸ் டிப்போவில் டைம்கீப்பர் வேலை பார்க்கிறவள் அவள். எந்த பஸ் எந்த நிமிடத்தில் எங்கே நிற்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அவள் உறுதி என்று சொன்னால் அந்தக் குரலைக் கேட்டவர்கள் மறுபடி கேட்பதில்லை. பட்டியல் எழுதியவரும் கேட்கவில்லை. ஒன்பதாம் நம்பருக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு போட்டார். சிவப்புக் கோடு என்றால் உள்ளே ஆள் இருப்பது நிச்சயம், மீட்புக் குழு முதலில் அங்கே போக வேண்டும் என்று அர்த்தம்.

அது பத்தரைக்கு நடந்தது. இப்போது மணி ஒன்று பத்து.

மைதானத்தின் நடுவில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. அதன் வெளிச்சம் போய்ச் சேர்கிற தூரம் வரைதான் ஜனங்கள் நின்றார்கள். ஒவ்வொரு முறை வண்டி வந்து நிற்கும்போதும் எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்து ஓடுவார்கள். யாரோ ஒருவருக்கு மட்டும் அழுகையோ சிரிப்போ வரும். மற்றவர்கள் திரும்பி வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொள்வார்கள். பள்ளிக்கூடத்தின் கடைசி இரண்டு வகுப்பறைகளில் வெள்ளைத் துணி போர்த்தி வரிசையாக வைத்திருந்தார்கள். பதினொன்று என்றார்கள், பிறகு பதினான்கு என்றார்கள். பெரியவள் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை என்று நினைத்தாள். தங்கை வீட்டுக்குள் இருக்கிறாள், நாலு பேர் அங்கே தோண்டிக்கொண்டிருக்கிறார்கள், வந்துவிடுவாள்.

இத்தனை தைரியத்துக்கும் காரணம் ஒரே ஒரு ரிங்.

தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு அந்தக் கதை தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். அப்பா லாரி மெக்கானிக். வேலையில் இருந்த காலத்தில் பகல் முழுக்க வண்டிக்கு அடியில், பட்டறைக் குழிக்குள்தான் இருப்பார். முழங்கை வரை கிரீஸ். பெண்கள் எங்கேயாவது போய்ச் சேர்ந்ததும் போன் செய்தால் அவரால் எடுக்க முடியாது. "ஒரு ரிங் விட்டுட்டு வெச்சுடுங்க. வந்து சேர்ந்துட்டீங்கன்னு புரிஞ்சுக்கறேன்" என்றார். பிறகு அவர் ஓய்வு பெற்றார், கை சுத்தமாயிற்று, அம்மா போய்ச் சேர்ந்தாள், வீட்டில் எத்தனையோ மாறிவிட்டது. அந்த ஒரு ரிங் மட்டும் மாறவில்லை. ஒரு ரிங் என்றால் வந்தாயிற்று. அதை எடுக்கக் கூடாது. யாராவது அவசரப்பட்டு எடுத்துவிட்டால் அப்பா அன்றைக்கு முழுக்க முறைத்துக்கொண்டிருப்பார்.

சின்னவள் அக்காவோடு பேசி இன்றோடு பத்தொன்பது நாள். அவளுடைய கணவன் லாரி ஓட்டுகிறவன். லோடு ஏற்றிக்கொண்டு போய் நான்கு மாதம் ஆகிறது. கடைசி ஆறு வாரமாக ஒரு தகவலும் இல்லை. "அந்த ஆள் இனிமே வர மாட்டான். அந்த ஒண்டி வீட்டைக் காலி பண்ணிட்டு இங்க வா" என்று பெரியவள் முகத்துக்கு நேரே சொன்னாள். சின்னவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனவள்தான்.

ஆனால் ரிங் நிற்கவில்லை. பிஸ்கட் தொழிற்சாலையில் இரண்டாவது ஷிப்ட் முடித்து, பஸ் பிடித்து, தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்தில் இறங்கி, பதினோரு நிமிடம் நடந்து வீட்டுக் கதவைச் சாத்தியதும் அப்பாவின் போனில் ஒரு ரிங் வரும். ஒன்பது ஐம்பது. இந்தப் பத்தொன்பது நாளும் அந்த நேரத்துக்கு வீட்டில் இருக்கிற நாளெல்லாம் பெரியவள் பல் தேய்க்கிற சாக்கில் அப்பாவின் கட்டில் பக்கம் வந்து நிற்பாள். ரிங் வந்ததும் போய்விடுவாள். அப்பா பார்த்தும் பார்க்காத மாதிரி போர்வையை இழுத்துக்கொள்வார்.

இன்றைக்கு அவளுக்கு மாலை ஷிப்ட். டிப்போவில் சைரன் கேட்டதும் வெளியே போகவிருந்த பஸ்களை நிறுத்திக்கொண்டிருந்தபோது அப்பா போன் செய்தார். "சின்னவ வந்துட்டா. ரிங் வந்துச்சு." அவ்வளவுதான் சொன்னார். அவ்வளவுதான் இவள் கேட்டாள்.

*

டிப்போவிலிருந்து வந்த பஸ்ஸில் அப்பா இறங்கினார். மடித்துக் கட்டிய வேட்டி, மேலே பெரியவளின் பழைய மழைக்கோட்டு. போனை பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"எடுத்துட்டாங்களா?"

"இன்னும் இல்லப்பா. தோண்டிக்கிட்டிருக்காங்க. நீங்க ஏன் வந்தீங்க? முழங்கால வெச்சுக்கிட்டு?"

"முழங்காலை வீட்டுல விட்டுட்டா வர முடியும்?"

அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. இருவரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"நான் எடுத்திருக்கணும்" என்றார் அப்பா.

"எதை?"

"போனை. கை அது மேலதான் இருந்துச்சு. எடுத்துடலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. எடுக்கக் கூடாதுன்னு நான்தானே சொல்லி வெச்சிருக்கேன், விட்டுட்டேன்."

"வந்துட்டேன்னு சொல்ற ரிங்கை ஏன்பா எடுக்கணும்?"

அப்பா பிளாஸ்டிக் பையின் முடிச்சை விரலால் நெருடினார்.

"தினமும் அந்த ரிங் முழுசா ஒரு தடவை அடிச்சு ஓயும். அப்புறம்தான் வெப்பா. இன்னிக்குப் பாதியிலயே அறுந்துச்சு. இழுத்துப் பிடிச்ச கயிறு அறுந்த மாதிரி. காத்துல அப்படித்தான் கேக்கும்போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

"போனைக் குடுங்க."

"என்னம்மா?"

"குடுங்கப்பா!"

முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தாள். எடுக்காத அழைப்புகளில் முதலில் சின்னவளின் பெயர். பக்கத்தில் நேரம்.

ஒன்பது நாற்பத்தொன்று.

தன் கடிகாரத்தைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். இரண்டும் ஒரே நேரம்தான் காட்டின.

டிப்போவில் அவள் போட்டு வைத்திருக்கிற சட்டம் ஒன்று உண்டு. தாமதமாக வருகிற டிரைவரை அவள் திட்டுவதோடு விடுவாள். நேரத்துக்கு முன்னால் ஓட்டுகிறவனுக்கு மெமோ கொடுப்பாள். தாமதமானால் ஜனங்கள் நிறுத்தத்தில் காத்திருப்பார்கள், முந்திப் போனால் நடுத்தெருவில் நிற்பார்கள் என்பது அவள் வாதம். ஒரு நிமிடம் முன்னால் வந்தாலும் அவளுக்குக் கண் சிவந்துவிடும்.

ஒன்பது நிமிடம் முன்னால் வந்த ரிங்கை, நேரம்கூடக் கேட்காமல், வந்துவிட்டாள் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறாள்.

எழுந்து நின்றாள்.

"அப்பா, அவ வீட்டுக்குப் போய்ச் சேரல. வழியிலிருந்து கூப்பிட்டிருக்கா. ரிங் விட்டுட்டு வைக்கல. நம்மகிட்டப் பேசக் கூப்பிட்டிருக்கா. லைன் அறுந்துடுச்சு."

அப்பா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதுதான் குற்றவாளி என்பது போல.

"நான் ஒன்பதாம் நம்பர்னு சொன்னேன்" என்றாள் பெரியவள். "அடிச்சுச் சொன்னேன்பா."

*

சின்னவள் வந்த பஸ்ஸை ஓட்டியவருக்கு டிப்போவில் 'அவசரம்' என்று பட்டப்பெயர். பெரியவளிடம் அதிகம் மெமோ வாங்கியவர் அவர்தான். காற்று வருவதற்குள் பஸ்ஸை ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தித் தப்பித்துவிட்டார் என்று பத்து மணிக்கே தகவல் வந்திருந்தது. அவருக்கு போன் போட்டாள்.

"சொல்லுங்க மேடம். வண்டி பத்திரமா இருக்கு. ஒரு கண்ணாடி மட்டும்..."

"கண்ணாடி கிடக்கட்டும். தண்ணீர்த் தொட்டில என் தங்கச்சி இறங்கினாளா?"

"இறங்கினாங்க மேடம். அவங்களும் இன்னொரு ஆளும்."

"எந்த ஆள்?"

"தொழிற்சாலை வாசல்லயே அவங்ககூட ஏறினாரு. தாடி, தோள்ல பெரிய பை. இவங்க பையையும் அவரே வாங்கிக்கிட்டாரு. பின் சீட்ல உக்காந்து வழியெல்லாம் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசல. இவங்க அழுத மாதிரி இருந்துச்சு மேடம்."

பக்கத்தில் காதை நீட்டிக்கொண்டிருந்த அப்பா அவள் முழங்கையைப் பிடித்தார். "மாப்பிள்ளை! மாப்பிள்ளை வந்துட்டாரு! அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கா."

"எவனோ" என்றாள் பெரியவள். கேட்க வேண்டியது வேறு இருந்தது. "எத்தனை மணிக்கு இறக்கினீங்க?"

"வழக்கம்போலதான் மேடம். ஒன்பது முப்பத்தெட்டு."

முப்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தால் நாற்பத்தொன்றுக்கு மூன்று நிமிட நடை. மூன்று நிமிடத்தில் மருந்துக்கடை வரும். பெரியவள் மனதில் அந்தத் தெரு ஓடியது. மருந்துக்கடைக்கு ஒரு கீறல்கூட இல்லை என்று கையில் சாவிக்கொத்தோடு நின்ற கடைக்காரரே மைதானத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே ஒதுங்கிய ஏழு பேரும் பத்திரமாக வந்துவிட்டார்கள். அந்த ஏழில் சின்னவள் இல்லை.

"டிரைவர், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. முப்பத்தெட்டா?"

மறுமுனையில் டிரைவர் தொண்டையைச் செருமினார்.

"மெமோ குடுக்க மாட்டேன். என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்றேன். எத்தனை மணி?"

"மேடம்... ஒன்பதரைக்கு சைரன் கேட்டுச்சு. அப்புறம் எவன் நேரம் பார்ப்பான்? மிதிச்சுட்டேன். நடுவுல ரெண்டு நிறுத்தத்துல நிக்கக்கூட இல்ல. முப்பத்தஞ்சு மேடம். முப்பத்தஞ்சுக்கு இறக்கிட்டேன். மன்னிச்சுடுங்க."

"நல்ல காரியம் பண்ணினீங்க" என்று சொல்லி போனை வைத்தாள். பதினான்கு வருடத்தில் அந்த மனிதருக்கு அவளிடமிருந்து கிடைத்த முதல் பாராட்டு அதுதான்.

முப்பத்தைந்து. ஆறு நிமிடம்.

"போன மாசம் அவளுக்குக் கணுக்கால் பிசகிச்சேப்பா. ஓடியிருக்க முடியாது. வழக்கமான நடைதான் நடந்திருப்பா. தொட்டியிலிருந்து ஆறு நிமிஷம் நடந்தா எங்க வரும்?"

கேட்டது அவள். பதில் அவளுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும்.

"லாரி பட்டறை" என்றார் அப்பா. எழுந்தே விட்டார். "ஷெட்டுக்கு நடுவுல குழி இருக்கு. ஆள் உயரத்துக்கு மேல ஆழம், சுத்தி கான்கிரீட். சின்ன வயசுல இடி இடிச்சா ரெண்டு பேரும் எங்க வந்து ஒளிவீங்க? என் குழியிலதானே? அவ குழியைப் பார்த்தா விடுவாளா?"

*

மஞ்சள் ஹெல்மெட் போட்ட மீட்புக் குழுத் தலைவர் அதே நேரத்தில் மைதானத்துக்கு வந்தார். புருவம் வரை சிமெண்ட் தூசி. மேஜையிலிருந்த பட்டியலைத் தன் பக்கம் திருப்பி, சிவப்புக் கோட்டில் விரலை வைத்தார்.

"மூணாவது வரிசை ஒன்பது. கூரையிலிருந்து தரை வரைக்கும் எடுத்துட்டோம். யாரும் இல்ல. யாருங்க உள்ள ஆள் இருக்குன்னு சொன்னது?"

"நான்தான்."

அவர் அவளுடைய டிப்போ சட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். கோபப்படுகிற தெம்புகூட அவரிடம் இல்லை.

"ரெண்டே கால் மணி நேரம்மா. அதுக்கப்புறம்தான் பக்கத்துல பதினோராம் நம்பருக்குப் போனோம். அங்க ஆள் இருக்குன்னு யாரும் சொல்லல, அதனால கடைசியில வெச்சிருந்தோம். ஒரு தையல்கார அம்மா. மெஷினுக்கு அடியில இருந்தாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "உடம்பு இன்னும் சூடா இருந்துச்சு."

பெரியவளுக்கு அந்த அம்மாவைத் தெரியும். இப்போது போட்டிருக்கிற சட்டையில் கழுத்துப் பொத்தானை மாற்றிக் கொடுத்தவர் அவர்தான். "டைம்கீப்பருக்கு நேரத்துல குடுக்கலேன்னா மெமோ வந்துடுமே" என்று சிரித்துக்கொண்டே நூலைக் கடித்து அறுத்தார். பெரியவளின் கை தானாகப் பொத்தானுக்குப் போயிற்று. அழுதுவிட்டால் தேவலை என்று இருந்தது. அழுவதற்கான நேரம் அது இல்லை என்றும் தெரிந்தது. தான் சொன்ன ஒரு வார்த்தையால் ஒரு உயிர் போயிருக்கிறது, அதே வாயால் இப்போது இன்னொரு இடத்தைச் சொல்ல வேண்டும்.

"ஐயா, என் தங்கச்சி லாரி பட்டறையில இருக்கணும். குழிக்குள்ள."

பட்டியல் எழுதுகிறவர் பேனாவை மேஜையில் வைத்தார். "முன்னாடியும் இப்படித்தானே சொன்னீங்க?"

"ஆமா."

"இப்ப மட்டும் எப்படித் தெரிஞ்சுது?" என்றார் தலைவர்.

சொன்னாள். ரிங்கைப் பற்றி, நாற்பத்தொன்றைப் பற்றி, முப்பத்தைந்தைப் பற்றி, கணுக்காலைப் பற்றி. டிப்போவில் காலை அறிக்கை படிக்கிற மாதிரி நிறுத்தாமல் சொன்னாள். நடுவில் குரல் உடைந்தால் சேர்த்து ஒட்ட முடியாது என்று பயந்தாள்.

தலைவர் தன் இடுப்பில் இருந்த வயர்லெஸ்ஸைத் தட்டினார். "அந்தப் பக்கத்து செல்போன் டவர் விழுந்தது ஒன்பது நாப்பத்தொண்ணுதான். எங்களுக்குத் தகவல் பதிவாகியிருக்கு." பிறகு ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். "பட்டறைப் பக்கம் ரெண்டு தடவை கடந்து போனோம். யாராவது உள்ள இருந்தாங்கன்னு ஒருத்தரும் சொல்லல. என்கிட்ட நாலு பேர்தான் இருக்காங்க. அடுத்து அஞ்சாவது வரிசைக்குப் போகணும். அங்கயும் யாரோட அக்காவோ காத்துக்கிட்டிருக்கா. ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். உறுதியா?"

மைதானத்தில் அவளைத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் பார்த்தார்கள். அப்பா அவளைப் பார்த்த பார்வையில் 'ஆமான்னு சொல்லேன்' என்ற கெஞ்சல் இருந்தது.

"இல்லங்க" என்றாள் பெரியவள். "அந்த வார்த்தையை இன்னிக்கு ஒரு தடவை சொல்லிட்டேன். மறுபடி சொல்ல மாட்டேன். என்கிட்ட இருக்கறது நேரம் மட்டும்தான். அதைச் சொல்லிட்டேன். நீங்க முடிவு பண்ணுங்க."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

தலைவர் ஹெல்மெட்டை மறுபடி மாட்டினார். மூன்று பேரை ஐந்தாவது வரிசைக்கு அனுப்பினார். ஒரு ஆளையும் ஒரு ஜாக்கியையும் தன் பக்கம் நிறுத்திக்கொண்டார்.

"வண்டியில ஏறுங்கம்மா. பெரியவரே, நீங்க இங்கயே இருங்க."

"குழி எந்தப் பக்கம் நீளும், படி எங்க இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டே அப்பா முதலில் ஏறி உட்கார்ந்தார்.

*

பட்டறை இருந்த இடத்தில் தகரம் இருந்தது. கசக்கி எறிந்த காகிதம் மாதிரி ஷெட் முழுக்க ஒரே குவியலாகக் கிடந்தது. அதன் மேல் ஒரு லாரி பக்கவாட்டில் சாய்ந்து படுத்திருந்தது. தலைவர் டார்ச் அடித்த இடமெல்லாம் இரும்பு, கண்ணாடி, கிழிந்த தார்ப்பாய். டீசல் நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"யாரும் பீடி கீடி பத்த வைக்காதீங்க" என்றார் தலைவர். யாரும் வைக்கிற நிலையில் இல்லை.

"சின்னவளே!" என்று அப்பா கத்தினார். குரல் பாதி வழியில் கரகரத்து நின்றது. பெரியவள் கத்தவில்லை. பத்தொன்பது நாளாகக் கூப்பிடாத பெயர் நாக்கு நுனியில் வந்து ஒட்டிக்கொண்டது.

அப்பா லாரியைச் சுற்றி நடந்தார். முழங்கால் வலி எங்கே போயிற்றோ தெரியவில்லை. குனிந்தார், பார்த்தார், கையால் அளந்தார்.

"லாரி குழிக்கு நேர் மேல விழல. குறுக்கால விழுந்திருக்கு. படி அந்த மூலையில இருக்கணும். குழியோட விளிம்புல ஒரு இரும்புச் சட்டம் கடைசி வரைக்கும் ஓடும். இந்தா, இதுதான்."

தகரத்துக்கு அடியில் ஒரு சாண் நீளத்துக்கு இரும்பு தெரிந்தது. தரையில் கிடந்த ஸ்பேனரை எடுத்தார். ஓங்கி ஒரு அடி அடித்தார். சட்டத்தில் காதை வைத்துக்கொண்டு படுத்துவிட்டார்.

எல்லோரும் மூச்சை அடக்கினார்கள்.

ஒன்றும் இல்லை.

மறுபடி ஒன்று அடித்தார். மறுபடி காதை வைத்தார். தூரத்தில் எங்கோ ஒரு நாய் குரைத்தது. தலைவரோடு வந்த ஆள் ஜாக்கியைக் கை மாற்றினான். அந்த உரசல் சத்தத்துக்கே அப்பா கையை உயர்த்தி அவனை அடக்கினார். பெரியவளின் கடிகாரத்தில் ஒன்று ஐம்பத்திரண்டு. ஐம்பத்துமூன்று. தலைவர் ஐந்தாவது வரிசைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவர் பார்த்ததை அவளும் பார்த்தாள். இன்னும் இரண்டு நிமிடம், அதற்கு மேல் இந்த மனிதரை நிறுத்தி வைக்கத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தாள்.

அப்போது கேட்டது.

டங்.

கீழேயிருந்து. ஒரே ஒன்று. மெலிதாக, ஆனால் இரும்பில் இரும்பு பட்ட சத்தம். அப்புறம் அமைதி.

அப்பாவின் முகம் சட்டத்தை விட்டு நிமிரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. இருபது வருடப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிற்று.

"வந்துட்டா. ஒண்ணு குடுத்துட்டா. வந்துட்டாம்மா."

"இல்லப்பா!"

பெரியவள் சேற்றில் மண்டியிட்டாள். அவர் கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்கி, சட்டத்தில் மாறி மாறி அடித்தாள்.

"அடியே! ஒண்ணோட நிறுத்தாதே! கேக்குதா? இன்னிக்கு ஒண்ணு பத்தாது. அடிச்சுக்கிட்டே இரு! நான்தான் அக்கா. நிறுத்தினா கொன்னுடுவேன், அடி!"

பத்தொன்பது நாளுக்குப் பிறகு அக்கா தங்கையிடம் பேசிய முதல் பேச்சு அது. கொஞ்சம் நயமாகப் பேசியிருக்கலாம்தான்.

கீழே கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு டங். டங். டங். ஒழுங்கில்லாமல், கோபமாக, சின்னவளின் பிடிவாதமெல்லாம் சேர்ந்து அடிக்கிற மாதிரி. தலைவர் ஜாக்கியோடு படி இருந்த மூலைக்கு ஓடினார். வயர்லெஸ்ஸில் ஆள் கேட்டுக் கத்தினார். அப்பா அழுதுகொண்டே அவருக்கு இடம் காட்டினார்.

பெரியவள் மட்டும் அசையவில்லை. சட்டத்தில் காதை வைத்தபடியே இருந்தாள். சின்னவளின் அடிகளுக்கு நடுவில் இன்னொன்று கேட்டது. குழியின் மறு கோடியிலிருந்து, லாரி படுத்திருக்கிற பக்கத்திலிருந்து. கனமான கை, மெதுவான அடி.

ஒன்று. இரண்டு. மூன்று.

தாடி, தோளில் பெரிய பை. இருவரும் வழியெல்லாம் பேசாமல் வந்தார்கள். அவள் அழுத மாதிரி இருந்தாள்.

நான்கு.

ஐந்தாவது வரவில்லை.

ஆறு வாரமாக அவன், அந்த ஆள், எவனோ என்றே சொல்லி வந்தவள் சட்டத்தில் வாயை வைத்துக் கத்தினாள்.

"மாப்பிள்ளை! நீங்களும்தான்! நிறுத்தாதீங்க மாப்பிள்ளை!"

சின்னவளின் சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. மற்றதற்காகப் பெரியவள் காதை இரும்போடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள்.